சேவல் முழுசாக இருந்தால் பாஸ்

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை ஒன்பது மணிக்கு, சைகோனின் சீனர் பேட்டையான சோலோனில் ஒரு நூடுல்ஸ் பட்டறையின் வாசலில் சிங்கம் வந்து ஆடியது. உள்ளே இரண்டு பேர். பின்னங்காலாக இருந்தவருக்கு இருமல்.
2. பூசணிக்காய் உடைக்க அனுமதி கிடைக்கவில்லை.
3. எங்கள் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன. மொத்தம் பதினோரு இடம். பத்து, என் மேலாளர் வைத்தது. பதினோராவது இடத்தைக் கை நீட்டிக் காட்டியது நான்.
4. பட்டனை அழுத்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.
5. மெஷின் சேவலின் கொண்டையை வெட்டத் தொடங்கியது. கைதட்டல் நிற்கவில்லை.
6. மேலாளர் கோயம்புத்தூருக்கு "கிராண்ட் சக்சஸ்" என்று செய்தி அனுப்பினார்.
7. நான் ஒரு டிஷ்யூ எடுத்துக்கொண்டு மெஷினை நோக்கிப் போனேன். பட்டறையின் முதலாளியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாவதில் உயிருள்ள சேவல் எதுவும் சம்பந்தப்படவில்லை. அது அரிசி நூடுல்ஸ் பாக்கெட்டின் மேல் அச்சிட்ட சிவப்புச் சேவல். நான் அதை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னை ஒரு பக்கக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கருவியியல் படித்தவள். பேக்கிங் மெஷின் செய்யும் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று ஆறு மாதத் தகுதிகாண் பணியில் என்னைச் சைகோனுக்கு அனுப்பியிருந்தது. ஹோ சி மின் நகரம் என்பது என் விசாவில் இருக்கும் பெயர். தெருவில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. நகரின் தெற்கே பூ மி ஹங் பகுதியில் ஒன்பதாவது மாடியில் இரண்டு அறை எங்கள் அலுவலகம். மொத்தம் மூன்று பேர். மேலாளர் காரைக்குடிக்காரர், பத்து வருடமாக இங்கே இருக்கிறார், இன்னமும் தலைக்கவசத்தை டிபன் பாக்ஸ் மாதிரி கையில்தான் வைத்திருப்பார். டெக்னீஷியன் உள்ளூர்க்காரர், நாற்பது வயது, எந்த போல்ட்டையும் ஒரு பார்வை பார்த்தே அளவு சொல்லிவிடுவார். அவரை நான் "அன்" என்பேன், அண்ணன் மாதிரி. அவர் என்னை "எம்" என்பார், தங்கை மாதிரி. மூன்றாவது நான்.

பணி நிரந்தரமாக ஒரே ஒரு நிபந்தனை. ஆறு மாதத்துக்குள் ஒரு மெஷினையாவது என் பெயரில் நிறுவி, வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ஏற்புத் தாளை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் கோயம்புத்தூருக்குத் திரும்பி, புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் மேசை. அந்த மேசையை எனக்குத் தெரியும். பக்கத்தில் போட்டோகாப்பி மெஷின், எதிரில் கழிவறைக் கதவு. இங்கே எனக்குத் தனி அறை இருக்கிறது, நானே பூட்டும் கதவு இருக்கிறது, வாடகை ஸ்கூட்டர் இருக்கிறது, எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்க யாரும் இல்லை. ஆறு மாதத்தில் வந்த மூன்று மெஷின்களில் ஒன்று மேலாளர் பெயரில் போயிற்று. இன்னொன்றின் வாடிக்கையாளர் கட்டடம் முடியவில்லை என்று தள்ளிப்போட்டுவிட்டார். மிச்சம் இருந்தது சோலோன் சேவல். திறப்பு விழா வெள்ளிக்கிழமை. என் ஆறு மாதம் திங்கட்கிழமை முடிகிறது.

ஏற்புத் தாளின் கடைசி வரியில் இரண்டு கட்டங்கள். ஒன்றின் மேல் "டாட்" என்று வியட்நாமியத்தில் இருக்கும். அளவை எட்டியது என்று பொருள். மற்றதன் மேல் எட்டவில்லை என்று இருக்கும். மூன்றாவது கட்டம் கிடையாது. அந்தத் தாளை நான் முதலில் பார்த்தபோது எனக்கு ஒருவித நிம்மதி. அதுவரை என் வாழ்க்கையில் ஜெயித்தோமா இல்லையா என்பதற்கு இருந்த சொற்கள் எதுவும் இரண்டு கட்டத்துக்குள் அடங்கியதில்லை.

அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யார், எப்போது, எதற்குச் சொன்னார்கள் என்று மூன்று பத்தி.

வெற்றி. எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அது சுவரொட்டிக்கான சொல். தேர்தலென்றால் "அமோக வெற்றி". வெள்ளிக்கிழமை வந்த படத்துக்குத் திங்கட்கிழமை "மாபெரும் வெற்றி" என்று ஒட்டினால் வியாழக்கிழமை தியேட்டரை விட்டுத் தூக்கப்போகிறார்கள் என்று அர்த்தம்.

பாஸ். இது அம்மாவுடையது. அப்பாவின் சர்க்கரை பாஸ். போர்வெல் தண்ணீர் பாஸ். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மிக்சரை மட்டும் காலி செய்துவிட்டுப் போய், அப்புறம் போனே பண்ணாதபோதும், "நாம பாஸு சாமி, அவிங்கதான் ஃபெயிலு" என்றார்.

செட்டில். இது சித்தியுடையது. "பெரியவ செட்டில், சின்னவன் செட்டில், இவதான் இன்னும் ஆடிட்டிருக்கா." என் படிப்பிலும் மீட்டரின் முள் ஆடாமல் நிற்பதற்கு அதுதான் பெயர் என்பதால் சித்தியோடு எனக்குச் சண்டையில்லை.

உருப்பட்டுட்டா. உருப்பட மாட்டாள் என்று ஏற்கெனவே சொன்னவர்கள் மட்டுமே இதைப் பயன்படுத்த முடியும். எனக்குச் சொன்னவர் பிளஸ் டூ கணக்கு வாத்தியார்.

சாதிச்சுட்டா. ஆம்பளைப் பிள்ளைக்கு வேலை கிடைத்தால் "வேலை கிடைச்சிருச்சு". எனக்குக் கிடைத்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா "சாதிச்சுட்டா" என்றார். ரொம்ப சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் இமயமலையிலிருந்து இறங்கி வந்தது மாதிரி என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

மேலாளரிடம் தனி வரிசையே உண்டு. கடிதத் தலைப்பில் "ஜெயம்" என்று எழுதித்தான் புகாருக்கே பதில் போடுவார். தலைமை அலுவலகத்துக்கு "சக்சஸ்". வாடிக்கையாளர் கூட இருந்தால் "கிராண்ட் சக்சஸ்". ரிப்போர்ட்டில் "வெற்றிகரமாக நிறுவப்பட்டது" என்றால் மெஷினுக்குக் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் எதுவும் இல்லை. யாரும் பார்க்காமல் ஒரு வேலை முடிந்தால் மெதுவாக என்னிடம் "ஒப்பேத்தியாச்சுத்தா" என்பார். அவர் உண்மையிலேயே மகிழ்ந்து நான் பார்த்தது அந்தச் சொல்லில்தான்.

டெக்னீஷியனுக்கு ஒரே சொல். "ஸோங்." முடிந்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொல்வார். அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் அவரைத் திரும்பக் கூப்பிட முடியாது. வெற்றி என்பதற்கு "தான் கோங்" என்ற சொல் அவர்களிடமும் இருக்கிறது. அதை அவர் பூவளைய ரிப்பனில் இருந்து படித்துக் காட்டும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை பட்டறை வாசலில் அப்படிப்பட்ட பூவளையங்கள் பதினான்கு நின்றன. ஆள் உயர மூங்கில் தாங்கியில் மஞ்சள் பூ, குறுக்கே சிவப்பு ரிப்பன், அனுப்பியவர் பெயர். சந்தில் லாரி ஒன்று சரக்கு இறக்க வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே மேசையில் முழுப் பன்றியை வறுத்து, கண்ணுக்குச் செர்ரிப்பழம் வைத்திருந்தார்கள். சைவ மேலாளர் அதற்கு முதுகைக் காட்டி நின்றார்.

நாளும் நேரமும் முதலாளியம்மா பஞ்சாங்கம் பார்த்து வைத்தது. ஐம்பது வயது இருக்கும். பரம்பரையாகச் சோலோன் சீனக் குடும்பம். அவருடைய பாக்கெட் இதுவரை கையால் மடித்து மெழுகுவத்தியில் ஒட்டியது. இதுதான் முதல் மெஷின். வாய் நிறையப் பேசுவார். பேசியதில் பாதியை டெக்னீஷியன் எனக்கு ஆங்கிலத்தில் சொல்வார், மீதி கையாலேயே புரிந்துவிடும். இங்கே எல்லாவற்றையும் தமிழில் தருகிறேன்.

மேலாளர் பையிலிருந்து பூசணிக்காயை எடுத்ததும் அவர் முகம் மாறியது.

"இது எதுக்கு?"

"வாசல்ல உடைக்கணும். கண்திருஷ்டி போயிரும்."

"திறப்பு விழா அன்னிக்கு வாசல்ல ஒரு பொருளை உடைக்கறதா? என் வாசல்லயா?"

"உடைக்கலைன்னாத்தான் ஆபத்துன்னு சொல்லுங்க அன்," என்றார் மேலாளர் டெக்னீஷியனிடம்.

டெக்னீஷியன் அதை மொழிபெயர்க்கவில்லை. "பூசணிக்காயைச் சூப்புக்குக் குடுத்திரலாம்னு சொல்லிட்டேன்," என்றார். பூசணிக்காய் சமையலறைக்குப் போனது.

அதற்கு ஈடாகத்தான் பொட்டு. த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து மேலாளர் குங்குமம் கொண்டுவந்திருந்தார். முதலாளியம்மாவுக்கு அந்தக் கோயில் தெரியும். மாதம் ஒருமுறை போய்ச் சுவரில் நெற்றியை ஒட்டி அம்மனிடம் ரகசியம் சொல்லிவிட்டு வருவாராம். அதனால் குங்குமத்துக்கு மறுப்பில்லை. மேலாளர் சந்தனத்தைக் குழைத்து, மெஷினின் நான்கு கால், மோட்டார், கண்ட்ரோல் பெட்டி, பிலிம் உருளை என்று பத்து இடத்தில் வைத்தார். கத்தியும் அதில் ஒன்று. நூடுல்ஸ் உணவுப்பொருள் என்று நான் சொன்னேன். "வெளிப்பக்கமா வச்சிருக்கேன்த்தா, நூடுல்ஸ் என்ன வெளியே வந்தா பாக்கப்போவுது?" என்றார்.

அப்போதுதான் முதலாளியம்மா முன்னால் வந்தார். சற்று முன்புதான் வாசலில் சிங்கத்தின் இரண்டு கண்ணிலும் தூரிகையால் சிவப்பு மை வைத்திருந்தார். அப்படி வைத்தால்தான் சிங்கம் விழிக்கும், விழித்தால்தான் ஆடும். அது அவர்கள் வழக்கம். எங்கள் கிண்ணத்தில் இருந்த சிவப்பைப் பார்த்ததும் அவருக்கு அந்த ஞாபகம் வந்துவிட்டது.

"இது எதால பாக்குது?" என்று கேட்டார்.

டெக்னீஷியன் கண்ட்ரோல் பெட்டியின் திரையைக் காட்டியிருப்பார். அது யாருக்கும் கெடுதல் இல்லாத இடம். ஆனால் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது. நான் அப்போது ஏற்புத் தாளில் மெஷின் எண்ணை நிரப்பிக்கொண்டிருந்தேன். யாராவது ஒரு தொழில்நுட்பக் கேள்வி கேட்டால் சரியான பதில் சொல்லிப் பழகிவிட்டேன். தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கையை நீட்டி, பிலிம் உருளைக்குக் கீழே கட்டைவிரல் அளவில் இருந்த சென்சாரைக் காட்டினேன்.

அவர் கஞ்சத்தனம் இல்லாதவர். சந்தனத்தை நன்றாக அப்பி, மேலே குங்குமத்தை அழுத்தி வைத்தார்.

அந்த சென்சாரின் வேலை இது. பாக்கெட்டாக மாறும் பிளாஸ்டிக் பிலிமில் ஒவ்வொரு சேவலுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பட்டை அச்சாகியிருக்கும். சென்சார் ஒளியை அடித்து அந்தப் பட்டையைக் கண்டுபிடிக்கும். உடனே கத்தி விழும். பட்டை தெரியாவிட்டால் மெஷின் அலாரம் அடித்து நின்றுவிடும். நின்றிருக்கும். ஆனால் முந்தின நாள் மேலாளர் என்னிடம், "விசேஷத்தன்னிக்கு அலாரம் கத்தினா அபசகுனம்த்தா. நாளைக்கு ஒருநாள் அதை அமத்தி வையி," என்றார். நான் எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டு அமத்தி வைத்தேன். அலாரம் இல்லையென்றால் மெஷின் பட்டையைப் பார்க்காமல் மனக்கணக்கில் ஒரே நீளமாக வெட்டிக்கொண்டே போகும். பிலிம் லேசாக இழுபடும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் வெட்டு ஒரு மயிரிழை நகரும்.

முதல் பாக்கெட் அழகாக வந்தது. முதலாளியம்மா அதைத் தூக்கிக் காட்டினார். படம் எடுத்தார்கள். "சேவல் முருகன் கொடித்தா, நமக்குத் தோல்வியே கிடையாது," என்றார் மேலாளர், போனில் தட்டச்சிட்டபடி. கண்ணாடி டம்ளர்களில் ஐஸ் கட்டி போட்டு பீர் வந்தது. "மோட், ஹாய், பா, யோ!" என்று ஒன்று இரண்டு மூன்று எண்ணிக் குடித்தார்கள்.

இருபதாவது பாக்கெட்டில் கொண்டையின் நுனி இல்லை. நாற்பதில் கொண்டையே இல்லை. அறுபதை எட்டும்போது கழுத்துக்கு மேல் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த சேவல்களுக்குக் கால்கள் மேலேயும், முந்தினதின் தலை அடியிலும் இருந்தன. விருந்தினர் ஒருவர் அப்படி ஒன்றை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, நவீன டிசைன் என்று நினைத்தாரோ என்னவோ, பாராட்டாகத் தலையாட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் மெஷினை நிறுத்தினேன். குனிந்து பார்த்தேன். பொட்டைப் பார்த்தேன். அப்புறம் டிஷ்யூ, மணிக்கட்டு.

"எதைத் துடைக்கப் போற?"

"அது மேல இருக்கறதை. அதால பாக்க முடியல."

"இப்பதான் கண்ணைத் தொறந்தேன்."

"மூடிட்டீங்க கோ." கோ என்றால் அத்தை முறை. அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"தொறந்த நாளன்னிக்கே துடைச்சா, கண்ணைக் குத்தறதுக்குச் சமம். பதினாலு பேர் பூ அனுப்பிருக்காங்க. இவங்க முன்னாடியா?"

"எப்பத் துடைக்கலாம்?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒன்பது நாள் போகட்டும்."

என் கணக்கில் மூன்று நாள்தான் இருந்தது.

மேலாளர் என்னைப் பூவளையங்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "அந்தம்மா கேட்டா, பட்டனைக் காட்ட வேண்டியதுதானே? சென்சாரை ஏன்த்தா காட்டுன?"

"எதால பாக்குதுன்னு கேட்டாங்க சார்."

"கேட்டா?"

"அதாலதானுங்க சார் பாக்குது."

அவர் நெற்றியைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, போவுது. நீ இப்ப டிக் அடி. முதல் பாக்கெட் நல்லாத்தானே வந்துச்சு? அதைப் படம் எடுத்து வச்சிருக்கேன். அந்தம்மா கையெழுத்துப் போட்டுரும். ஒன்பது நாள் கழிச்சு நான் போய்த் துடைச்சிட்டு வந்துர்றேன். யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்குக் கை நீண்டது என்பதை மறைக்கப்போவதில்லை. பேனா கையில்தான் இருந்தது. அந்த மேசை, போட்டோகாப்பி மெஷின், கழிவறைக் கதவு எல்லாம் வரிசையாக வந்து போயின. ஆனால் தாளில் சோதனை என்ன என்று எழுதியிருக்கிறது: தொடர்ந்து ஐந்நூறு பாக்கெட், சேவல் வெட்டுப்பட்டது ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. கீழே என் பெயர். இந்த ஒன்பது நாளும் முதலாளியம்மா தலையில்லாத சேவலைத்தான் கடைகளுக்கு அனுப்புவார். அல்லது எல்லோரையும் மறுபடி கையால் மடிக்கச் சொல்வார், முதல் மெஷினை ஓரமாக நிறுத்திவைத்துவிட்டு. அப்புறம் யார் வந்து துடைத்தாலும் அதை அவர் நம்பப் போவதில்லை.

"முடியாதுங்க சார்," என்றேன்.

"திங்கக்கிழமைக்கு என்ன பண்ணுவ?"

"தெரியலீங்க சார்."

டெக்னீஷியன் அதுவரை ஒரு தட்டில் பன்றித் தோலை மொறுமொறுவென்று தின்றுகொண்டு நின்றார். தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் பிரச்சினை என்ன என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "எம், உதிரிப் பெட்டியில இன்னொரு சென்சார் இருக்கே," என்றார்.

இருந்தது. ஒவ்வொரு மெஷினோடும் ஒன்று உபரியாக வரும்.

"பழசைக் கழட்ட விட மாட்டாங்களே?"

"யார் கழட்டச் சொன்னா? அது அங்கயே இருக்கட்டும். வயரை மட்டும் எடுத்துருவோம். புதுசை அடுத்த உருளைக்குக் கீழ மாட்டுவோம்."

அடுத்த உருளை பதினெட்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. சென்சார் இடம் மாறினால் கத்தி விழும் நேரமும் மாற வேண்டும். அது என் வேலை. தாங்கியில் துளை போடுவது அவர் வேலை. விருந்தினர்கள் பூசணிக்காய்ச் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். டிரில் சத்தத்தையும் விழாவின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் "யோ!" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டினார். துளை முதலில் கோணலாக விழுந்தது. டெக்னீஷியன் நான் நோட்டில் எழுத மறுக்கும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, இன்னொன்று போட்டார். முதல் தடவை நான் போட்ட கணக்கும் தப்பு. பன்னிரண்டு பாக்கெட்டில் சேவல் நடு வயிற்றோடு நின்றது. உருளையின் சுற்றளவை மறுபடி நூல் வைத்து அளந்தேன். இரண்டாவது தடவை சேவல் முழுசாக வந்தது.

புது சென்சாரைப் பார்த்த முதலாளியம்மா மறுபடி குங்குமக் கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

டெக்னீஷியன் உள்ளங்கையால் லென்ஸை மூடினார். "இதுக்கு வேணாம் கோ."

"ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா இது கோவிச்சுக்காதா?"

"இது தற்காலிகம். தகுதிகாண் பணியில இருக்கு. நிரந்தரமானதும் வச்சுக்கலாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

முதலாளியம்மாவும் என்னைப் பார்த்தார். என் ஆறு மாத விவகாரம் அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் மூன்று பேர், அதில் ஒருவர் ஒரு வாரமாக அவரோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சரி, ஓட்டு. எண்ணலாம்," என்றார்.

அலாரத்தை மறுபடி போட்டேன். ஐந்நூறு பாக்கெட். விருந்தினர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள், சிங்கத்தின் பின்னங்கால் படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். நானும் முதலாளியம்மாவும் எதிரெதிராக நின்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணினோம். அவர் சீனத்தில், நான் தமிழில். நடுவில் ஒருமுறை அவர் நூற்று எண்பது என்றும் நான் நூற்று எழுபத்தொன்பது என்றும் சைகையில் சண்டை போட்டோம். கூடையைக் கொட்டி எண்ணினதில் அவர் சொன்னதே சரி. ஐந்நூறில் மூன்று சேவலுக்கு மட்டும் கால் விரல் வெட்டுப்பட்டிருந்தது. ஐந்துவரை அனுமதி.

"ஸோங்," என்றார் டெக்னீஷியன், கையுறையைக் கழற்றியபடி.

"தப்பிச்சோம்," என்றேன் நான். நோட்டில் அந்தச் சொல் அதுவரை இல்லை. அன்று மாலை சேர்த்தேன். சொன்னவர் என்ற பத்தியில் என்னையே எழுத வேண்டியிருந்தது.

"டாட்" கட்டத்தில் டிக் அடித்தேன். முதலாளியம்மா கையெழுத்திட்டு, சிவப்பு முத்திரையும் குத்தினார். அவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆனால் தாளில் "குறிப்புகள்" என்று நான்கு கோடு போட்ட இடம் ஒன்று இருந்தது. காலியாக இருக்கும் கோடுகளை நான் சும்மா விட்டதில்லை.

மேலாளர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன எழுதுற?"

"மெஷின்ல ரெண்டு சென்சார் இருக்குங்க சார். வரைபடத்துல ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கு யாராவது பழுது பாக்க வந்தா குழம்பிப் போவாங்க."

"வாயால சொல்லிக்கலாம்த்தா. எழுதாத. கிராண்ட் சக்சஸுன்னு நான் அனுப்பிட்டேன்."

எழுதினேன். இது அதன் முழு வாசகம்: "அசல் சென்சார் வாடிக்கையாளரின் விருப்பப்படி அதே இடத்தில் விடப்பட்டுள்ளது. இணைப்பு இல்லை, செயல்படவில்லை. காரணம்: லென்ஸின் மேல் சந்தனம், குங்குமம். உபரி சென்சார் அடுத்த உருளையில் பொருத்தப்பட்டது. திறப்பு விழாவுக்காக அலாரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நிறுத்தியவரும், குங்குமம் வைக்க இடம் காட்டியவரும்: கீழே கையெழுத்திட்டவர்."

மேலாளர் படித்தார். அலாரத்தை நிறுத்தச் சொன்னது யார் என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனித்தார். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு பைக் டாக்சி பிடிக்கப் போய்விட்டார். அன்று அதைத் தலையில் மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை தாளை அனுப்பினேன். புதன்கிழமை கோயம்புத்தூரின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து நான்கு கேள்விகள் வந்தன. முதல் மூன்று துளையின் அளவு, வயரின் நீளம், கத்தியின் நேரம் பற்றி. நான்காவது: "இது மறுபடி நடக்காமல் இருக்க என்ன நடவடிக்கை?" மேலாளர் பக்கத்தில் நின்று, "இனிமே பொட்டு வைக்க மாட்டோம்னு எழுதிராத, அப்புறம் ஆயுத பூஜைக்கு என்ன பண்றது?" என்றார். நான் இரண்டு வரி எழுதினேன். சென்சாருக்கு மூடி வைக்க வேண்டும். கண்ட்ரோல் பெட்டியின் கதவில், எல்லோர் கண்ணுக்கும் படும்படி, பொட்டு வைப்பதற்கென்றே ஒரு வட்டம் அச்சிட வேண்டும். விளையாட்டுக்கு எழுதவில்லை. பொட்டு எப்படியும் வைக்கத்தான் போகிறார்கள்; எங்கே என்பதை வடிவமைப்பவர்கள் முடிவு செய்வது நல்லது.

அம்மா போனில், "என்ன சாமி, பாஸா?" என்றார். தாள் போயிருக்கிறது என்றேன். "போயிருச்சுன்னா பாஸுதான்," என்று அப்பாவுக்கும் சொல்லிவிட்டார். சித்தி, அப்படியானால் இனி மாப்பிள்ளை பார்க்கலாம் என்று சொன்னாராம்.

பதினொரு நாள் கழித்துக் கடிதம் வந்தது. தாளில் இல்லாத மூன்றாவது கட்டத்தை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். மெஷின் "நிபந்தனையுடன் ஏற்கப்பட்டது". என் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது. நிரந்தரமாக, குறிப்பில்லாத ஏற்புத் தாள் ஒன்று வேண்டும். அலாரத்தை நிறுத்தியது பற்றிக் கண்டிப்பும் இருந்தது, அது எனக்கு வர வேண்டியதுதான். மூடி பற்றிய யோசனை வடிவமைப்புப் பிரிவுக்குப் போயிருக்கிறது. வட்டம் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இன்றைய நிலவரம் இது. சோலோனில் மெஷின் தினமும் ஓடுகிறது, போன வாரம் கேட்டபோது சேவல் முழுசாகத்தான் வருவதாக முதலாளியம்மா சொன்னார். ஒன்பது நாள் எப்போதோ முடிந்துவிட்டது. பழைய சென்சாரை யாரும் துடைக்கவில்லை. அடுத்த மெஷின் கப்பலில் இருக்கிறது, மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்கானது. என் பெயரில்தான் வருகிறது. நீட்டித்த காலத்தில் ஐந்து வாரம் மிச்சம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.